தூக்கத்தில் கால் ஏன் உதைக்கிறது?



ஹாஸ்டலில் எங்கள் அறையில் நான்கு பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். முதலாம் ஆண்டு சேர்ந்த மூன்றாவது வாரத்திலேயே எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிட்டது: 'சென்டர் ஃபார்வர்டு'. கண் அசந்த இரண்டாவது நிமிடம் பக்கத்தில் படுத்திருப்பவன் இடுப்பில் என் கால் ஓர் உதை விடும். "டேய், கோல் போட்டது போதும், திரும்பிப் படு!" என்று அவன் கத்துவான். எனக்கோ படியில் கால் தவறி விழுந்த மாதிரி ஒரு நினைப்பு மட்டும் இருக்கும். அவ்வளவுதான்.

நம் ஆண்டு மலரில் ரோபோ பற்றியும் சூரிய மின்சாரம் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் என் அம்மாவின் கால்களைப் பற்றி எழுதப் போகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சுற்றிச் சுற்றி நம் லேபுக்குத்தான் வந்து சேருவோம்.

மலையில் ஓர் இரவு

என் ஊர் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு. 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று நாடுகள். சாமையும் புளியும் தேனும்தான் எங்கள் பிழைப்பு.

மூன்றாம் செமஸ்டர் பரீட்சை முடிந்து ஊருக்குப் போனபோது சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் ஆயாவும் எட்டாம் வகுப்பு படிக்கும் தங்கையும் படுத்திருந்தார்கள். அம்மா மட்டும் அந்தக் குளிரில் திண்ணையில் தனியாகப் படுத்திருந்தார். "உள்ள வந்து படும்மா" என்றேன். "காத்தாட இருக்குது கண்ணு" என்றார். மலைக் குளிரில் காற்று எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நானும் திண்ணையிலேயே படுத்தேன்.

நடுச்சாமத்துக்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. அம்மாவின் இடது கால் அசைந்துகொண்டிருந்தது. கட்டை விரல் மேலே தூக்குகிறது. பாதம் மேல் நோக்கி மடங்குகிறது. முழங்கால் லேசாக மடங்கி ஓர் உதறு உதறி மறுபடி தளர்கிறது. எல்லாம் இரண்டு விநாடிக்குள். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அதே அசைவு. அம்மாவோ நல்ல தூக்கத்தில் இருந்தார்.

லேபில் பழகிய கை சும்மா இருக்குமா? செல்போன் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். 26 விநாடி, 31, 24, 28, 27. நடுவில் சில நிமிடம் நின்றது, பிறகு மீண்டும் தொடங்கியது. அரை மணி நேரத்தில் 41 முறை! கனவில் ஓடுகிறவருக்கு இப்படிக் கடிகாரம் மாதிரியா கால் ஆடும்?

காலையில் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? ராத்திரியெல்லாம் உதைக்கிறியேன்னு பாப்பாதான் அழுதா. அதுக்குத்தான் வெளிய படுக்கறேன்" என்றார் அம்மா. ஒரு வருடத்துக்கு மேலாக அப்படித்தானாம். ஆயா காலில் கறுப்புக் கயிறு கட்டி, "காத்து பட்டிருக்குது" என்று சொல்லிவிட்டார். நான் ஹாஸ்டலில் என் உதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அம்மா வெட்கப்பட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். "பொழுது சாஞ்சு உக்காந்தா காலுக்குள்ள என்னமோ ஊருது, குடையுது. எழுந்து நாலு நடை நடந்தா தேவலை. படுத்தா மறுபடி ஆரம்பிச்சுடுது." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

என் உதை வேறு, அம்மாவின் உதை வேறு

விடுமுறை முடிந்து வந்து படித்தபோதுதான் முதல் பாடம் புரிந்தது. தூக்கத்தில் கால் அசைவதெல்லாம் ஒன்றல்ல.

தூங்க ஆரம்பிக்கும்போது உடம்பை ஒரு முறை தூக்கிப் போடுவதை ஹிப்னிக் ஜெர்க் என்கிறார்கள். விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு மாறும் அந்த நேரத்தில் வரும் திடீர்த் துடிப்பு இது. விழுவது போன்ற உணர்வும் கூட வரலாம். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு எப்போதாவது வருவதுதான். இது நோயல்ல. அதிக டீ, காபி, களைப்பு, கவலை, தூக்கக் குறைவு இருந்தால் கூடும். பரீட்சை நேரத்தில் இரவு பதினோரு மணிக்கு மூன்றாவது டீ குடித்த எனக்கு வந்தது இதுவே.

கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது வேறு. தசை கல் போல் இறுகும், வலி உயிர் போகும், காலை நீட்டி இழுத்தால் விடும். அம்மாவுக்கு வலியே இல்லை.

மூன்றாவது, தாளத்தோடு வரும் அசைவு. இதன் பெயர் பீரியாடிக் லிம்ப் மூவ்மெண்ட்ஸ், அதாவது காலமுறைக் கால் அசைவு. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது விநாடிக்கு ஒரு முறை வரும். இரவின் முதல் பாதியில் அதிகம். நம் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது அல்லவா? அதில் மேலோட்டமான தூக்கத்தில் இந்த அசைவு கூடுகிறது, ஆழ்ந்த தூக்கத்தில் குறைகிறது. கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்தில் மிகவும் குறைந்துவிடுகிறது. ஏனென்றால் அப்போது மூளையே தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஆகவே 'கனவில் ஓடுகிறாள்' என்பது தவறு.

நான்காவதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரெம் தூக்கத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்து, கனவில் செய்வதையெல்லாம் ஒருவர் படுக்கையில் செய்தால், அதாவது கத்தினால், குத்தினால், எழுந்து பாய்ந்தால், அது வேறு நோய். அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகர மருத்துவர்கள் ஷெங்க்கும் மஹோவால்டும் 1986ல் இதை விளக்கினார்கள். வயதானவர்களில் பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே இது தலைகாட்டலாம். உடம்பு முழுக்க விறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாலோ படுக்கையில் சிறுநீர் போனாலோ வலிப்பாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

யார் கண்டுபிடித்தார்கள்?

இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672லேயே, படுத்தவுடன் கை கால்கள் அமைதியில்லாமல் துள்ளித் தூக்கத்தைக் கெடுக்கும் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945ல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் எக்போம், மாலையில் கால் குடையும் நோய்க்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், அமைதியற்ற கால்கள், என்று பெயர் வைத்தார். 1953ல் லண்டனில் சார்லஸ் சைமண்ட்ஸ் தூக்கத்தில் வரும் கால் துடிப்பைத் தனியாக விவரித்தார். பிறகு இத்தாலியின் பொலோனா நகரில் லுகரேசி குழுவினர் இரவு முழுக்கத் தசை மின்சாரத்தைப் பதிவு செய்து, அந்தத் துடிப்பு தாளத்தோடு வருகிறது என்று காட்டினார்கள். 1980ல் கோல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'பீரியாடிக்' என்ற பெயரைக் கொடுத்தார்.

கவனித்தீர்களா? கண்ணால் பார்த்தவரை இது வெறும் துடிப்பு. கிராஃபில் வரைந்த பிறகே தாளம் தெரிந்தது. இங்கேதான் நம் துறை வருகிறது.

நம் லேபில் இதை எப்படி அளப்பது?

தசை சுருங்கும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், எலும்பை ஒட்டி வெளிப்புறம் இருக்கும் தசைதான் பாதத்தை மேலே தூக்குகிறது. அதன் மேல் இரண்டு எலக்ட்ரோடு ஒட்டுவார்கள். சிக்னல் மைக்ரோவோல்ட் அளவில் வரும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதைவிடப் பெரிது! அதனால்தான் டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இரண்டு எலக்ட்ரோடுக்கும் பொதுவாக வரும் இரைச்சலைத் தள்ளிவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெருக்கும். காமன் மோட் ரிஜெக்ஷன் ரேஷியோ என்று மனப்பாடம் செய்து பரீட்சைக்கு எழுதினோமே, அதன் பயன் இதுதான்.

அடுத்து, எண்ணும் விதிகள். ஓய்வு நிலையைவிட 8 மைக்ரோவோல்ட் கூடினால் அசைவின் தொடக்கம். அது அரை விநாடி முதல் 10 விநாடி வரை நீடிக்க வேண்டும். ஒரு தொடக்கத்துக்கும் அடுத்த தொடக்கத்துக்கும் 5 முதல் 90 விநாடி இடைவெளி இருக்க வேண்டும். அப்படிக் குறைந்தது நான்கு தொடர்ந்து வந்தால்தான் ஒரு தொடர் என்று கணக்கு. (இடைவெளியின் கீழ் எல்லையை 10 விநாடியாக வைத்து எண்ணும் முறையும் உண்டு.) கம்பேரேட்டர், டைமர், கவுண்டர் மூன்றும் சேர்ந்தால் இதுதானே!

இரவில் எண்ணிய மொத்தத்தைத் தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் வருவது இண்டெக்ஸ். உதாரணம்: 6 மணி நேரத் தூக்கத்தில் 120 அசைவு என்றால் இண்டெக்ஸ் 20. பெரியவர்களுக்கு 15க்கு மேலும் குழந்தைகளுக்கு 5க்கு மேலும் போனால் அதிகம் என்று கொள்கிறார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எண் மட்டும் நோயல்ல. வயதானவர்களில் பலருக்கு இந்த அசைவு உண்டு, ஆனாலும் நன்றாகத் தூங்கி எழுந்து வேலை பார்க்கிறார்கள். அசைவினால் தூக்கம் கெட்டு, பகலில் அசதி ஏற்பட்டு, வேறு காரணமும் இல்லை என்றால்தான் நோய் என்று பெயர் வைப்பார்கள். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் ஒவ்வொரு முறை மூச்சு திரும்பும்போது கால் உதைக்கலாம். அங்கே மருந்து மூச்சுக்குத்தான், காலுக்கு அல்ல.

புராஜெக்ட் செய்ய ஆசைப்படும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கணுக்காலில் ஒரு சின்ன ஆக்சிலரோமீட்டர் கட்டினாலே அசைவின் நேரத்தைக் குறித்துவிடலாம். அது காரணத்தைச் சொல்லாது, தாளத்தைச் சொல்லும். எது செய்தாலும் பேட்டரியில் மட்டும் செய்யுங்கள். மெயின் சப்ளையோடு இணைந்த எதையும் மனித உடம்பில் ஒட்டாதீர்கள்.

இரும்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

அம்மாவை மலையிலிருந்து இறக்கி அழைத்துப் போனேன். முதலில் போன இடத்தில், "நாப்பது தாண்டினா அப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அது போதும், பஸ் பிடித்துத் திரும்பிவிடலாம் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு பெண் டாக்டர். நான் குறித்து வைத்திருந்த விநாடிக் கணக்கை முழுதாகப் படித்தார். பிறகு அம்மாவிடம் நான்கு கேள்வி கேட்டார். காலை அசைக்கணும் போல இருக்கிறதா? சும்மா இருக்கும்போது கூடுகிறதா? நடந்தால் குறைகிறதா? மாலையிலும் இரவிலும் அதிகமா? நான்குக்கும் அம்மா தலையாட்டினார். அம்மா திண்ணையில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே நான்கு பதிலும் இருந்தன!

இதுதான் அமைதியற்ற கால்கள் நோய். நம் பக்கம் 'கால் குடைச்சல்' என்று சொல்வதெல்லாம் இதுவல்ல. அந்த நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் தூக்கத்தில் தாளத்தோடு கால் அசைகிறது.

டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். ஒன்றரை வருடமாக மாதந்தோறும் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. (அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, நாலு பொம்பளைங்க பாத்துக்குவாங்க" என்றார்.) இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. 15க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி என்று பொருள்.

இரும்பு குறைந்தால் கால் ஏன் ஆட வேண்டும்? மூளையில் அசைவுகளைக் கட்டுப்படுத்த உதவும் பொருள் டோபமைன். அதைத் தயாரிக்கும் என்சைமுக்கு இரும்பு தேவை. இரும்பு குறையும்போது மூளையின் டோபமைன் வேலை தடுமாறி, முதுகுத்தண்டுக்குப் போகும் 'அடங்கு' என்ற கட்டளை பலவீனமாகிறது. அடங்கியிருக்க வேண்டிய தண்டுவட நரம்புச் சுற்று தானாகத் துடிக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் 555 டைமர் போல நினைத்துக்கொள்ளலாம். ரீசெட் பின் கீழே பிடிக்கப்பட்டிருக்கும்வரை அது சும்மா இருக்கும், விட்டுவிட்டால் ஆடத் தொடங்கும். இது ஒப்புமைதான், முழுக் காரணம் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. 2007ல் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வில், இந்த அசைவோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இரும்புச் சேமிப்பும் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு.

2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மலையில் மட்டுமில்லை, மாநிலம் முழுக்க இரண்டில் ஒருவர்! இரத்தசோகை உள்ள எல்லோருக்கும் கால் உதைப்பதில்லை. ஆனால் இப்படிக் கால் உதைப்பவருக்கு இரும்பைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு குறைந்திருக்கலாம். அதனால் இந்த நோய்க்கு ஃபெரிட்டின் 75 வரை இருந்தாலும் இரும்பு கொடுத்துப் பார்ப்பதை மருத்துவர்கள் பரிசீலிக்கிறார்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அதை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்த கூட்டத்தில் நானும் ஒருவன். குடற்புழு மாத்திரையும் அப்படியே. வெறுங்காலில் நடக்கும்போது தோல் வழியே ஏறும் கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அப்போது யார் கேட்டோம்?

அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

இரத்தப்போக்குக்குத் தனியாக மருத்துவம் நடந்தது. இரும்பு மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது, டீயில் இருக்கும் டானின் இரும்பைச் சேரவிடாது என்றார் டாக்டர். வைட்டமின் சி உள்ளதைச் சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். நெல்லிக்காய் போதும்! நெல்லிவாசல்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒருவர் கீழேயிருந்து வர வேண்டியிருந்தது.

நான்கு மாதம் கழித்துப் போனேன். மாலை நடை வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று குறைந்திருந்தது. மறுபடி எண்ணினேன். அரை மணி நேரத்தில் 9. ஒரே ஒரு இரவை வைத்து முடிவு சொல்லக் கூடாது, இந்த அசைவு இரவுக்கு இரவு மாறும். இருந்தாலும் அம்மா அன்று திண்ணையில் இல்லை. வீட்டுக்குள் தங்கை பக்கத்தில் படுத்திருந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து எண்ணினேன். கறுப்புக் கயிறு காலில் அப்படியேதான் இருந்தது. ஆயா கட்டியது, இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லோருக்கும் இரும்பு மட்டும் போதாது. சிலருக்கு வேறு மருந்து தேவைப்படும். முன்பு டோபமைன் போல வேலை செய்யும் மாத்திரைகளையே முதலில் கொடுத்தார்கள். பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு நோயே அதிகமாவதைக் கண்டதால், 2025ல் வெளியான அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல் அவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நண்பர்களே, நாம் செய்யக்கூடியவை

1. பக்கத்தில் படுப்பவன் உதைத்தால் சிரிப்பதற்கு முன் எண்ணுங்கள். தூங்கும் நேரத்தில் ஒரு முறையா, தாளத்தோடு பல முறையா?

2. பல முறை என்றால் நேரத்தைக் குறியுங்கள். அவர் சம்மதித்தால் செல்போனில் படம் எடுங்கள். ஆயிரம் வார்த்தையைவிட டாக்டருக்கு அது உதவும்.

3. அந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

4. மாலைக்குப் பிறகு டீ, காபியைக் குறையுங்கள். பீடி, சிகரெட், மது இதைக் கூட்டும். தூக்கம் வரவழைக்கும் சில சளி மாத்திரைகளும், சில வாந்தி மாத்திரைகளும், சில மனநல மாத்திரைகளும் கூட்டலாம். சாப்பிடும் மருந்தை டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள்.

5. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். சேமிப்பு அதிகமானாலும் கெடுதல்தான்.

தூங்குகிறவருக்குத் தன் கால் உதைப்பது தெரியாது. அதைப் பார்க்கக்கூடியவர் பக்கத்தில் படுத்திருப்பவர் ஒருவரே. லட்ச ரூபாய்க் கருவி எல்லா ஊரிலும் கிடைக்காது. பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் எல்லா வீட்டிலும் உண்டு. அவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாலோ, அல்லது உதைத்தவர் வெட்கப்பட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாலோ, நோய் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஓர் இரவாவது அம்மா பக்கத்தில் படுங்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை